மேட்டில் மாறும் நிலம், ஆற்றில் மாறும் நீர்: வாசகர் கேள்வி பதில்

காடு வயலாகிறது, வயல் வீட்டுமனையாகிறது, புல்வெளி மரத்தோட்டமாகிறது. இதனால் கீழே ஓடும் ஆற்றில் நீர் கூடுமா, குறையுமா? இந்த இதழுக்கு வந்த கேள்விகள் பெரும்பாலும் இதைச் சுற்றியே இருந்தன. பதில்களைப் படிக்கும்போது ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ‘ஆற்று நீர்’ என்று நாம் சொல்வதில் மூன்று அளவுகள் கலந்திருக்கின்றன: ஆண்டு முழுவதும் ஓடும் மொத்த நீர், மழையில்லாத மாதங்களில் கசிந்து வரும் அடியோட்டம், பெருமழையின்போது எழும் வெள்ள உச்சம். நிலத்தில் நடக்கும் ஒரே மாற்றம் இந்த மூன்றையும் மூன்று விதமாக மாற்றக்கூடும்.

கேள்வி: மரங்களை வெட்டியதால் ஆறு வற்றியது என்கிறார்கள். மரங்களை நட்டதால் ஓடை வற்றியது என்றும் படிக்கிறேன். எது சரி?

ஆண்டு மொத்த நீரை மட்டும் எடுத்துக்கொண்டால், இரண்டாவது கூற்றுக்குத்தான் அளவீடுகளின் ஆதரவு அதிகம். மரம் புல்லைவிட அதிக நீரைச் செலவழிக்கிறது. இதற்குக் காரணங்கள் இரண்டு. அதன் வேர் ஆழமானது. புல் காய்ந்துபோன பிறகும் அடிமண் ஈரத்தை உறிஞ்சி இலை வழியே ஆவியாக்கும். மேலும், அடர்ந்த இலைத்தொகுதி மழையின் ஒரு பகுதியைத் தன்மேலேயே பிடித்துவைத்துக்கொள்ள, அது மண்ணைத் தொடாமலே ஆவியாகிவிடும்.

எவ்வளவு வித்தியாசம் வரும்? உலகெங்கும் 250-க்கும் மேற்பட்ட நீர்ப்பிடிப்புப் பகுதிகளின் தரவுகளைத் தொகுத்து 2001-இல் வெளியான, ஜாங் என்ற ஆய்வாளரின் குழுவினர் உருவாக்கிய சமன்பாட்டைக் கொண்டு கணக்கிடலாம். ஆண்டுக்கு 1,500 மி.மீ. மழை பெறும் இடம் முழுக்கக் காடாக இருந்தால் சுமார் 1,095 மி.மீ. ஆவியாகி 405 மி.மீ. ஓடைக்கு வரும். முழுக்கப் புல்வெளியாக இருந்தால் சுமார் 750 மி.மீ. ஆவியாகி இன்னொரு 750 மி.மீ. ஓடைக்கு வரும். ஒரு மி.மீ. நீர் ஒரு சதுர கிலோமீட்டரில் 1,000 கனமீட்டர். எனவே ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 3,45,000 கனமீட்டர் வித்தியாசம். அதாவது இரவு பகலாக நொடிக்கு 11 லிட்டர். மழை 800 மி.மீ. மட்டுமே பெய்யும் இடத்தில் காட்டுக்குப் பின் மிஞ்சுவது சுமார் 90 மி.மீ., புல்வெளிக்குப் பின் சுமார் 240. லிட்டர் கணக்கில் வித்தியாசம் சுருங்குகிறது, விகிதத்தில் பெருகுகிறது. வறண்ட பகுதிகளில் பெரிய பரப்பில் மரத்தோட்டம் போடுவதற்கு முன் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நேரடிச் சோதனைகளும் இதையே காட்டுகின்றன. அமெரிக்காவின் ஹப்பார்டு புரூக் ஆய்வுக்காட்டில் ஒரு சிறிய நீர்ப்பிடிப்பு முழுவதும் 1965-66 குளிர்காலத்தில் வெட்டப்பட்டு, மறுபடி எதுவும் முளைக்காதபடி களைக்கொல்லி தெளிக்கப்பட்டது. ஓடையின் ஆண்டு நீர் முதல் ஆண்டில் 39 சதவீதமும் அடுத்த ஆண்டில் 28 சதவீதமும் கூடியது. அதே நாட்டின் கொவீட்டா ஆய்வு நிலையத்தில் இலையுதிர் காடு அகற்றப்பட்டு பைன் நடப்பட்டது. 15 ஆண்டுகளில் ஓட்டம் சுமார் 20 சதவீதம் குறைந்தது. மரத்துக்குப் பதில் மரம்தான், இருந்தும் ஆண்டு முழுக்க இலை தாங்கும் மரம் கூடுதலாகக் குடித்தது. நீலகிரியில் இயற்கைப் புல்வெளி நீர்ப்பிடிப்பு ஒன்றில் யூகலிப்டஸ் நடப்பட்டபோது, முதல் பத்தாண்டுச் சுழற்சியில் ஓட்டம் ஏறத்தாழ 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய கட்டையிலிருந்து துளிர்த்த இரண்டாம் சுழற்சியில் குறைவு ஏறத்தாழ 25 சதவீதமானது. துளிர்க்கும் மரத்துக்கு வேர் ஏற்கெனவே ஆழத்தில் தயாராக இருக்கிறது என்பதே காரணம்.

இதற்கு ஒரு முக்கியமான விலக்கு உண்டு. அடிக்கடி மேகம் தவழும் மலையுச்சிக் காடுகளில் இலைகள் மூடுபனியை வடிகட்டித் துளித்துளியாக மண்ணுக்கு இறக்குகின்றன. மழைமானியில் பதிவாகாத நீர் அது. அந்தக் காட்டை வெட்டினால் அந்த வரவு நின்றுபோகும்; ஓட்டம் குறையவும் செய்யலாம்.

கேள்வி: அப்படியானால் எங்கள் ஓடை காடு இருந்தவரை கோடையிலும் ஓடியது, காடு அழிந்த பிறகு வற்றிவிட்டதே? கணக்கு பொய்யா?

கணக்கும் பொய்யில்லை, நீங்கள் கண்டதும் பொய்யில்லை. இடையில் மண் இருக்கிறது.

ஹப்பார்டு புரூக்கில் மரங்கள் மட்டுமே போயின. வெட்டிய மரங்களைக்கூட வெளியே இழுக்காமல் அங்கேயே விட்டதால் மண் குலையவில்லை. பிற இடங்களில் நடப்பது வேறு. மரம் போன பிறகு கால்நடைகள் மிதிக்கின்றன, டிராக்டர் ஓடுகிறது, சருகுப் படலம் எரிகிறது, மேல்மண் அரித்துப்போகிறது. மழைத்துளி நேராக வெறும் மண்ணை அடித்து மேற்பரப்பில் ஓர் இறுகிய மேலோட்டை உண்டாக்குகிறது. சருகு மூடிய காட்டு மண் பெரும்பாலும் மணிக்கு 100 மி.மீ.க்கு மேல் நீரை உள்வாங்கும். மிதிபட்டு இறுகிய மண் 10 மி.மீ.கூட வாங்காமல் போகலாம். மணிக்கு 40 மி.மீ. வேகத்தில் மழை கொட்டினால் முதல் மண்ணில் எல்லாம் உள்ளே போகும். இரண்டாவதில் முக்கால் பங்கு மேலோடி அன்றைக்கே ஆற்றைத் தாண்டிவிடும். கோடையில் ஓடைக்கு வருவது உள்ளே இறங்கிய நீர் மட்டும்தான். ஆண்டு மொத்தம் கூடியிருந்தும் கோடை ஓட்டம் செத்துப்போவது இப்படித்தான்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. ஆண்டு மழை 1,200 மி.மீ. இறுகிய தரிசில் 40 சதவீதம், அதாவது 480 மி.மீ. மேலோடுகிறது. மண் தேறிய பிறகு 15 சதவீதமாக, 180 மி.மீ.யாகக் குறைகிறது என்று வைப்போம். கூடுதலாக உள்ளே இறங்குவது 300 மி.மீ. புதிய மரங்கள் கூடுதலாகக் குடிப்பது 200 மி.மீ. என்றால், அடியோட்டத்துக்கு 100 மி.மீ. லாபம். இன்னொரு இடத்தில் மண் ஏற்கெனவே நல்ல நிலையில் உள்ள புல்வெளி; மேலோட்டம் 10 சதவீதம்தான், மரம் வைத்த பிறகு அது 3 சதவீதமாகிறது. உள்ளே கூடுதலாகப் போவது 84 மி.மீ., மரங்கள் கூடுதலாகக் குடிப்பதோ 250. அங்கே அடியோட்டத்துக்கு 166 மி.மீ. நஷ்டம். இரண்டு இடத்திலும் நட்டது ஒரே மரமாக இருக்கலாம். ஆகவே எந்த நிலத்தில் நடுகிறோம் என்ற கேள்விதான் முதலில் வர வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. சிதைந்த நிலத்தில் நடுங்கள். நல்ல இயற்கைப் புல்வெளியைத் ‘தரிசு’ என்று பெயரிட்டுக் குழி தோண்டாதீர்கள்.

ஒன்று கவனியுங்கள்: மரம் முதல் ஆண்டிலிருந்தே குடிக்கத் தொடங்கிவிடும், மண் தேறுவதற்கோ பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகலாம். சருகைக் கூட்டி அள்ளிக்கொண்டு போகும் தோட்டத்திலும், ஆண்டுதோறும் தீ வைக்கும் தோட்டத்திலும் மண் தேறவே தேறாது. அங்கே செலவு மட்டும் நடக்கும், வரவு வராது.

கேள்வி: எங்கள் மண் எந்த வகை என்று நாங்களே பார்க்க முடியுமா?

முடியும். 30 செ.மீ. விட்டமும் 30 செ.மீ. உயரமும் கொண்ட இரும்பு வளையம் ஒன்று, 60 செ.மீ. விட்டத்தில் இன்னொன்று, ஒரு அளவுகோல், கடிகாரம், நிறையத் தண்ணீர் போதும். புல்லைப் பிடுங்காமல் கத்தரித்துவிட்டு, சிறிய வளையத்தை நடுவிலும் பெரியதைச் சுற்றிலும் வைத்து, மேலே மரக்கட்டை வைத்துத் தட்டி 10 செ.மீ. ஆழம் இறக்குங்கள். இரண்டு வளையங்களிலும் 10 செ.மீ. உயரத்துக்கு நீர் ஊற்றுங்கள். வெளி வளைய நீர் பக்கவாட்டுக் கசிவை ஈடுகட்டும். அளவெடுப்பது உள் வளையத்தில் மட்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எத்தனை மி.மீ. இறங்கியது என்று குறித்து, நீர் பாதிக்குக் குறையும் முன் மீண்டும் நிரப்புங்கள். தொடக்கத்தில் காய்ந்த மண் வேகமாகக் குடிக்கும். அந்த எண்ணை நம்பக் கூடாது. அடுத்தடுத்த மூன்று அளவுகள் ஒன்றாக வரும்வரை, பொதுவாக ஒன்று முதல் இரண்டு மணி நேரம், பொறுத்திருங்கள். அப்போது கிடைக்கும் வேகம்தான் மண்ணின் நிலையான ஊடுருவல் வேகம்.

வளையம் சாய்வாக இறங்கினால் ஓரத்தில் விரிசல் விட்டு நீர் அதன் வழியே ஓடும். கரையான் துளை, பழைய வேர்த்துளை மேல் வைத்தால் எண் பத்து மடங்கு பெருகிவிடும். ஆகவே ஒரே வகை நிலத்தில் குறைந்தது ஐந்து இடங்களில் செய்து, சராசரிக்குப் பதில் நடு எண்ணை எடுங்கள். காட்டோரம், மேய்ச்சல் நிலம், உழுத வயல், வண்டித்தடம் என நான்கிலும் செய்து பார்த்தால் உங்கள் நீர்ப்பிடிப்பில் எங்கே மழை வழுக்கி ஓடுகிறது என்று தெளிவாகத் தெரிந்துவிடும்.

கேள்வி: காடு இருந்தால் வெள்ளம் வராது என்பது உண்மையா?

சிறிய, நடுத்தர மழைகளுக்குப் பெரும்பாலும் உண்மை. பேய்மழைக்கு அந்த அளவு உண்மை இல்லை.

அமெரிக்க வேளாண் துறையின் மண் பாதுகாப்புப் பிரிவு 1950-களில் உருவாக்கிய வளைவு எண் முறையைக் கொண்டு காட்டலாம். ஒவ்வொரு நிலவகைக்கும் மண்வகைக்கும் 100-க்குள் ஓர் எண் உண்டு. 25,400-ஐ அந்த எண்ணால் வகுத்து 254-ஐக் கழித்தால் மண் பிடித்துவைக்கக்கூடிய அளவு மி.மீ.இல் கிடைக்கும். மழையிலிருந்து அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்து, வந்ததை வர்க்கமாக்கி, மழையோடு அந்தக் கொள்ளளவின் 0.8 மடங்கைக் கூட்டிய தொகையால் வகுத்தால் ஓடும் நீர் வந்துவிடும். ஓரளவு நீர் இறங்கும் ‘பி’ வகை மண்ணில் நல்ல காட்டுக்கு எண் 55, வரிசைப் பயிர் வயலுக்கு 78. ஒரே நாளில் 100 மி.மீ. மழை பெய்தால் காட்டிலிருந்து 13 மி.மீ., வயலிலிருந்து 47 மி.மீ. ஓடும், மூன்றரை மடங்குக்கும் மேல் வித்தியாசம். அதே நாளில் 300 மி.மீ. பெய்தால் காட்டிலிருந்து 143, வயலிலிருந்து 228. வித்தியாசம் ஒன்றரை மடங்கைச் சற்றுத் தாண்டுகிறது, அவ்வளவே. மண்ணின் துளைகள் நிரம்பிய பிறகு மேலே மரம் இருந்தாலும் பயிர் இருந்தாலும் கூடுதல் மழைக்கு இடம் கிடையாது. தொடர்மழையின் நான்காம் நாளில் 100 மி.மீ. பெய்தாலும் இதே கதைதான். மேலே சொன்ன எண்கள் மண் நடுத்தர ஈரத்தில் இருக்கும்போது பொருந்துபவை.

பரப்பும் பொருட்டு. சில சதுர கிலோமீட்டர் ஓடையில் பளிச்சென்று தெரியும் மாற்றம், ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டர் ஆற்றில் கரைந்துவிடும். அங்கே கிளையாறுகளின் உச்சங்கள் எந்த நேரத்தில் வந்து சேர்கின்றன என்பதே வெள்ளத்தின் உயரத்தைத் தீர்மானிக்கும். ஆகவே ஆற்றோரத் தாழ்நிலத்தில் வீடு கட்டிவிட்டு மலையில் மரம் நட்டுத் தப்பித்துவிடலாம் என்று எண்ணுவது ஆபத்தானது. காடு செய்யும் பெரிய உதவி வேறொன்று. அது மண்ணைப் பிடித்துவைக்கிறது. வண்டல் குறைந்தால் ஆற்றுப் படுகையும் அணையும் மேடாகாமல் தம் கொள்ளளவைக் காத்துக்கொள்ளும்.

கேள்வி: எங்கள் ஊருக்கு மேலே பத்து ஹெக்டேர் மேய்ச்சல் நிலம் குடியிருப்பு மனைகளாகிறது. ஓடையில் என்ன மாறும்? என்ன கேட்டு வாங்க வேண்டும்?

நில மாற்றங்களிலேயே ஓட்டத்தை அதிகம் புரட்டிப்போடுவது இதுதான். கூரையும் தார்ச்சாலையும் ஏறக்குறைய முழு மழையையும் ஓடவிடுகின்றன. அவற்றின் வளைவு எண் 98. அளவு கூடுவது பாதிச் சேதம். மீதிச் சேதத்தைச் செய்வது வேகம். புல்லிடையே தவழ்ந்து ஒரு மணி நேரத்தில் ஓடையைத் தொட்ட நீர், சிமெண்ட் வாய்க்காலில் பத்து நிமிடத்தில் வந்துவிடுகிறது. குறுகிய நேரத்தில் கொட்டும் மழைக்கு எப்போதும் தீவிரம் அதிகம். அதனால் முன்பு ஓடையை அசைக்காத அரைமணி மழையே இப்போது கரையை அரிக்கும்.

பிரிட்டனின் ஆய்வாளர் ஹாலிஸ் 1975-இல் தொகுத்த முடிவுகள் இன்றும் பயன்படுகின்றன. நீர்ப்பிடிப்பில் 5 சதவீதம் மட்டும் தளம் போடப்பட்டால், ஆண்டுக்கொரு முறையோ அதைவிட அரிதாகவோ வரும் வெள்ளங்களில் மாற்றம் தெரிவதில்லை. பரப்பு கூடும்போது சிறு வெள்ளங்கள் பத்து மடங்கு வரை பெருகலாம். 30 சதவீதம் தளமானால் நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம் இரட்டிக்கலாம். எனவே பத்து ஹெக்டேரை மட்டும் பார்க்காதீர்கள். அந்த ஓடையின் முழு நீர்ப்பிடிப்பில் அது எத்தனை சதவீதம், ஏற்கெனவே எவ்வளவு தளமாகியிருக்கிறது என்று பாருங்கள்.

கேட்டு வாங்க வேண்டியது வெள்ளத் தேக்கக் குளம். நல்ல மேய்ச்சல் நிலத்தின் எண் 61. நெருக்கமான மனைகளின் எண் 85. 100 மி.மீ. மழைக்கு முன்பு ஓடியது 20 மி.மீ., இனி ஓடப்போவது 61. கூடுதல் 41 மி.மீ.; பத்து ஹெக்டேருக்கு 4,100 கனமீட்டர். ஒன்றரை மீட்டர் ஆழக் குளமானால் சுமார் 2,700 சதுர மீட்டர், அதாவது நிலத்தில் மூன்று சதவீதத்துக்கும் குறைவான இடம். இது முதல் மதிப்பீடுதான். குளம் நிரம்பிக்கொண்டே வடிவதையும் சேர்த்துப் பொறியாளர் கணக்கிட வேண்டும். குளத்தின் அடியில் உள்ள சிறிய குழாய் ஒன்றிரண்டு நாளில் அதைக் காலி செய்ய வேண்டும், அடுத்த மழைக்கு இடம் வேண்டுமே. குழாய் வாயில் குப்பைத் தடுப்புக் கம்பி, மேலே அவசர வழிந்தோடி, நுழைவாயிலில் வண்டல் தேங்கும் சிறு தொட்டி ஆகியவை கட்டாயம். இந்தக் குளங்கள் பெரும்பாலும் வடிவமைப்பால் தோற்பதில்லை. குழாய் அடைத்து எந்நேரமும் நிறைந்தே கிடப்பதால் தோற்கின்றன. தூர்வாரும் பொறுப்பு யாருடையது என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

ஓர் எச்சரிக்கை. மனைப்பகுதி ஆற்றின் கீழ்க்கோடியில் இருந்தால் குளம் தீங்கும் செய்யலாம். தேக்காமல் விட்டிருந்தால் முன்கூட்டியே கடந்துபோயிருக்கும் நீர், தேக்கி விடுவதால் மேலேயிருந்து வரும் பெருவெள்ளத்தின் உச்சத்தோடு சேர்ந்துவிடும். அங்கே மழையை மண்ணில் இறக்கும் குழிகளும் நீர் புகும் தரைகளுமே நல்லது.

கேள்வி: காடு மழையைக் கொண்டுவரும் அல்லவா? அதனால் ஆறும் பெருகுமே?

அமேசான் போன்ற கண்டப் பரப்பில் காடு ஆவியாக்கும் நீர் காற்றின் திசையில் மீண்டும் மழையாகிறது. இது நிறுவப்பட்ட உண்மை. ஆனால் சில நூறு ஹெக்டேர் மரம் ஆவியாக்கும் நீர் அதே நீர்ப்பிடிப்பில் மழையாகத் திரும்பாது; காற்று அதை வெகுதூரம் கொண்டுபோய்விடும். உங்கள் ஓடையின் கணக்கில் அதை வரவாக எழுதாதீர்கள்.

கேள்வி: எத்தனை ஏக்கர் மாறினால் ஓடையில் தெரியும்? எந்த மரம் குறைவாகக் குடிக்கும்?

பாஷ், ஹியூலெட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1982-இல் 94 நீர்ப்பிடிப்புச் சோதனைகளைத் தொகுத்தார்கள். மரப்போர்வை 10 சதவீதம் மாறினால் ஆண்டு ஓட்டம் மாறும் அளவு: பைன் வகைக்கும் யூகலிப்டஸுக்கும் சுமார் 40 மி.மீ., இலையுதிர் மரங்களுக்கு 25, புதர்க்காட்டுக்கு 10. பரப்பில் 20 சதவீதத்துக்கும் குறைவான மாற்றத்தை ஓடையில் அளந்து கண்டுபிடிப்பது கடினம் என்பதும் அவர்கள் முடிவு. மாற்றம் நடக்கவில்லை என்பதல்ல இதன் பொருள். ஆண்டுக்காண்டு மழை ஏறி இறங்குவதில் அது மறைந்துவிடுகிறது.

மரத்தின் இனத்தைப் போலவே வயதும் முக்கியம். வேகமாக வளரும் இளமரமே அதிகம் குடிக்கும். மெல்போர்ன் நகருக்கு நீர் தரும் மலைகளில் 1939 காட்டுத்தீக்குப் பிறகு ஒரே வயதில் எழுந்த ‘மவுண்டன் ஆஷ்’ என்ற யூகலிப்டஸ் வகை மரக்காடு, இருபத்தைந்து முப்பது வயதில் ஓடை நீரை முதுகாட்டு அளவின் ஏறக்குறைய பாதிக்குக் கொண்டுவந்தது. அது மீள நூறாண்டுக்கும் மேல் தேவை என்று கணிக்கப்பட்டது. முதுகாட்டை வெட்டி ‘மறுபடி நட்டுவிட்டோம்’ என்று சமாதானம் சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

எங்கே நடுகிறீர்கள் என்பதும் உண்டு. ஓடையோர ஈரமண்ணில் வேர் எப்போதும் நிலத்தடி நீரைத் தொட்டுக்கொண்டிருக்கும். அங்கே தோட்டப் பயிராக யூகலிப்டஸ் வைத்தால் கோடை ஓட்டத்தில் அடி உடனே விழும். கரையோரத்தை இயல்பான கரைத்தாவரங்களுக்கு விடுங்கள். தோட்ட மரங்களை மேட்டுக்குத் தள்ளுங்கள், ஒரே ஆண்டில் முழுவதும் நடாமல் பகுதி பகுதியாக நடுங்கள், இடைமரங்களைக் கழியுங்கள். தென்னாப்பிரிக்காவின் 1998 நீர்ச்சட்டம் வணிக மரத்தோட்டத்தை ‘ஓடை நீரைக் குறைக்கும் செயல்’ என்றே வகைப்படுத்தி உரிமத்துக்குள் கொண்டுவந்தது. நிலப் பயன்பாட்டை நீர்ப் பயன்பாடாகவே பார்த்த அந்தச் சட்டம் மற்ற நாடுகளும் படித்துப் பார்க்கத் தக்கது.

கேள்வி: பண்ணைக்குட்டைகளும் தடுப்பணைகளும் கீழே உள்ளவர்களின் நீரைப் பறிக்கின்றனவா?

எண்ணிக்கையைப் பொறுத்தது. 20 மீட்டருக்கு 20 மீட்டர், 2 மீட்டர் ஆழக் குட்டை ஒன்று 800 கனமீட்டர் பிடிக்கும். ஒரு சதுர கிலோமீட்டரில் இப்படி ஐம்பது இருந்தால் 40,000 கனமீட்டர். நல்ல ஆண்டில் 150 மி.மீ. ஓடினால் வருவது 1,50,000 கனமீட்டர். குட்டைகள் ஒருமுறை நிரம்பி மீதி கீழே போகும். மோசமான ஆண்டில் 40 மி.மீ. மட்டுமே ஓடினால் வருவது 40,000. கீழே ஒரு சொட்டும் போகாது. குறைவான ஆண்டில்தான் கீழே இருப்பவருக்கு நீர் மிக அவசியம், அந்த ஆண்டில்தான் குட்டைகள் முழுவதையும் பிடிக்கின்றன. பூசலின் வேர் இதுவே.

பிடித்த நீர் என்னாகிறது என்று அடுத்துப் பாருங்கள். நாளுக்கு 5 மி.மீ. ஆவியானால், 400 சதுர மீட்டர் பரப்புள்ள குட்டை நூறு நாளில் 200 கனமீட்டரை, கால் பங்கை, வானத்துக்குக் கொடுக்கும். மண்ணில் இறங்கிய நீர் மெதுவாக ஓடைக்குத் திரும்பும், யாரும் இறைக்காவிட்டால்! குட்டையால் கிணறு ஊறியதும் பத்து ஹெக்டேரில் இரண்டாம் பயிர் வைத்து 400 மி.மீ. பாய்ச்சினால் 40,000 கனமீட்டர் போய்விடும். தடுப்பணை ஆற்றைக் கொன்றது என்று சொல்லப்படும் பல இடங்களில் அதற்குப் பக்கத்தில் முளைத்த ஆழ்துளைக் கிணறுகள்தான் பெரும்பகுதியைக் குடித்திருக்கின்றன. எனவே எத்தனை குட்டை என்று முடிவு செய்யும்போது, சராசரி ஆண்டை விட்டுவிட்டு வறண்ட ஆண்டின் ஓட்டத்தை எடுத்துக் கணக்குப் போடுங்கள்.

கேள்வி: எங்கள் ஓடையை நாங்களே அளந்து பதிவு செய்ய விரும்புகிறோம். எப்படித் தொடங்குவது?

சிறு ஓடைக்கு 90 பாகை ‘வி’ வடிவ வெட்டுத்தடுப்பு சிறந்தது. மூன்று முதல் ஐந்து மி.மீ. தடித்த தகட்டில் வெட்டி, விளிம்பைக் கீழ்ப்பக்கம் சரித்து ஒன்றிரண்டு மி.மீ. கூராக்குங்கள். ஓடைக்குக் குறுக்கே மட்டம் பார்த்து நிறுத்தி, அடியையும் ஓரங்களையும் களிமண்ணாலோ காங்கிரீட்டாலோ அடையுங்கள். தகட்டுக்கு அடியில் கசியும் நீர் கணக்கில் வராது, இதுவே மிகச் சாதாரணமான தவறு. வெட்டிலிருந்து விழும் நீர் தகட்டை ஒட்டாமல் தாவி விழ வேண்டும். கீழ்ப்பக்க நீர்மட்டம் வெட்டின் முனைக்குக் கீழே இருக்க வேண்டும். நீர் உயரத்தை வெட்டிலேயே அளக்கக் கூடாது, அங்கே மட்டம் வளைந்து தாழும். உச்ச நீர் உயரத்தின் நான்கு மடங்கு தொலைவில் மேல்பக்கம் அளவுகோலை நடுங்கள். அதன் சுழி வெட்டின் முனையோடு ஒரே மட்டத்தில் இருக்கட்டும்.

மீட்டரில் எடுத்த உயரத்தை இரண்டரை அடுக்குக்கு உயர்த்தி 1.38-ஆல் பெருக்கினால் நொடிக்கு இத்தனை கனமீட்டர் என்று வரும். 5 செ.மீ. உயரத்துக்கு நொடிக்கு 0.8 லிட்டர், 10 செ.மீ.க்கு 4.4, 20 செ.மீ.க்கு 25, 30 செ.மீ.க்கு 68. உயரத்தில் 5 சதவீதப் பிழை ஓட்டத்தில் 12 சதவீதத்துக்கும் மேல் பிழையாகும் என்பதால் மி.மீ. வரை படியுங்கள். இலை சிக்கியிருந்தால் எடுத்துவிட்டு, மட்டம் நிலைத்த பிறகு படியுங்கள். மேல்பக்கம் வண்டல் ஏறினால் வாருங்கள்.

வெள்ள நாளில் தடுப்பு மூழ்கிவிடும். அப்போது மிதவை முறைதான். நேரான 10 மீட்டர் நீளத்தைக் குறித்து, பாதி மூழ்கி மிதக்கும் பொருளை நடுவில் விட்டு ஐந்து முறை நேரம் பாருங்கள். மேற்பரப்பு வேகம் சராசரியைவிட அதிகம். ஆழமான ஓட்டத்துக்கு 0.85-ஆலும், கல் நிறைந்த ஆழமற்ற ஓட்டத்துக்கு 0.7-ஆலும் பெருக்குங்கள். கரையிலிருந்து செய்யுங்கள், வெள்ளத்தில் இறங்காதீர்கள். ஓடையின் குறுக்குவெட்டை நீர் வடிந்த பிறகு அளந்துகொள்ளலாம்; அதன் பரப்பை இந்த வேகத்தால் பெருக்கினால் ஓட்டம் கிடைக்கும்.

மழைமானி இல்லாமல் இவை எதற்கும் பொருள் இல்லை. பக்கத்து மரம், சுவர் இவற்றின் உயரத்தைப் போல் இரண்டு மடங்குத் தொலைவில் திறந்தவெளியில் வையுங்கள். முடிந்தால் மாறாமல் இருக்கப்போகும் பக்கத்து ஓடை ஒன்றையும் சேர்த்து அளந்துவாருங்கள். நிலமாற்றத்துக்கு முன்பே மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் இரண்டையும் பதிந்து அவற்றுக்கிடையே உள்ள தொடர்பைக் கண்டுகொண்டால், பிறகு ஒன்று விலகும்போது அது நிலத்தால் வந்தது என்று சொல்ல முடியும். மாற்றம் நடந்த பிறகு அளக்கத் தொடங்குபவர்கள் எப்போதும் யூகத்தில்தான் நிற்க நேரும்.

கேள்வி: என்னிடம் இருபது ஆண்டு மழை, ஆற்று ஓட்டப் பதிவுகள் உள்ளன. ஓட்டம் குறைந்தது மழையாலா, நில மாற்றத்தாலா என்று எப்படிப் பிரிப்பது?

முதலில் இரட்டைத் திரள் கோடு வரையுங்கள். கிடை அச்சில் ஆண்டு மழையைக் கூட்டிக்கொண்டே போங்கள், நிலை அச்சில் ஆண்டு ஓட்டத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். நீர்ப்பிடிப்பு மாறாதிருந்தால் புள்ளிகள் ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில் விழும். ஓர் ஆண்டில் கோடு முறிந்து சரிவு மாறினால் அந்த ஆண்டை ஒட்டி ஏதோ நடந்திருக்கிறது. உடனே நிலத்தின் மேல் பழி போடாதீர்கள். அந்த ஆண்டில் மழைமானி இடம் மாறியதா, அளவுகோல் மறுபடி நடப்பட்டதா, ஆற்றில் மணல் எடுத்துப் படுகை தாழ்ந்ததா, மேலே புதிதாக நீர் திருப்பப்பட்டதா என்று முதலில் விசாரியுங்கள். படுகை ஒரு சாண் தாழ்ந்தால் அதே நீர் குறைந்த மட்டத்தில் ஓடும். பழைய அட்டவணை ஓட்டம் குறைந்ததாகப் பொய் சொல்லும்.

பிறகு முறிவுக்கு முன்னும் பின்னும் தினசரி ஓட்டங்களைப் பெரியது முதல் சிறியது வரை அடுக்கி, மூன்று எண்களை ஒப்பிடுங்கள்: 5 சதவீத நாட்களில் மட்டும் தாண்டப்படும் ஓட்டம், பாதி நாட்களில் தாண்டப்படுவது, 95 சதவீத நாட்களில் தாண்டப்படுவது. மூன்றும் சேர்ந்து குறைந்திருந்தால், மழை குறைந்ததா என்று பார்த்துவிட்டு மரத்தோட்டத்தைச் சந்தேகியுங்கள். முதலாவது கூடி மூன்றாவது சரிந்திருந்தால் மண் இறுகியிருக்கிறது அல்லது தளமாகியிருக்கிறது. முதல் இரண்டும் அப்படியே இருக்க மூன்றாவது மட்டும் சரிந்திருந்தால் நிலத்தடி நீர் இறைப்பைப் பாருங்கள்.

கணினி மாதிரிகளைப் பற்றியும் ஒரு சொல். மழை, மண், நில விவரங்களிலிருந்து ஆற்று ஓட்டத்தைக் கணக்கிடும் ‘ஸ்வாட்’ போன்ற மாதிரியில் நில வரைபடத்தை மாற்றிப் போட்டால் ஓட்டம் மாறுவதைக் காட்டும். ஆனால் அது காட்டுவது, மரத்துக்கும் மண்ணுக்கும் நாம் முன்பே கொடுத்த எண்களின் விளைவையே. காட்டை வெட்டியதும் மண்ணின் ஊடுருவல் எண்ணை மாற்றாமல் தாவர எண்ணை மட்டும் மாற்றுபவர்கள் பலர். அந்த மாதிரி கோடை ஓட்டம் கூடும் என்றே சொல்லும். மொத்த ஓட்டம் பொருந்துவதைக் கண்டு திருப்தியடையாமல், கோடை மாதங்களைத் தனியே பிரித்துப் பொருத்தம் பாருங்கள். செயற்கைக்கோள் வரைபடத்திலும் கவனம் வேண்டும். அதில் ‘மரப்போர்வை’ என்ற ஒரே பச்சை நிறத்தில் முதுகாடும், நான்கு வயது யூகலிப்டஸும், பழத்தோட்டமும் ஒன்றாகக் கிடக்கும். ஓடைக்கு அவை மூன்றும் மூன்று வேறு நிலங்கள். வகைப்பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு களத்துக்குப் போய், பச்சைத் துண்டு ஒவ்வொன்றிலும் என்ன நிற்கிறது, அதற்கு வயது என்ன, அடியில் சருகு இருக்கிறதா என்று குறித்துவந்த பிறகு மாதிரியை ஓட்டுங்கள்.